துருப்பிடித்த ராலியும் நாங்கள் நால்வரும்

பத்தாம் வகுப்பு மாணவியருக்கு மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தரை மணிக்கு முடிகிறது. எங்களுள் ஒருத்தியின் கிராமத்துக்குச் செல்லும் பேருந்தோ ஐந்து மணி பத்து நிமிடத்துக்கே கோவில்பட்டியை விட்டுக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த வண்டி இரவு எட்டு மணிக்குத்தான். ஆகவே ஜூன் மாதம் முதற்கொண்டு கணக்குப் பாடம் பாதியில் இருக்கும்போதே அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவள் வாங்கியது 34. அதைப் பார்த்த அவள் தந்தையார், "பத்தாவதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னார் என்று அவள் எங்களிடம் சொன்னபோது எங்களுக்கு அச்சமாக இருந்தது.

பதினொன்றாம் வகுப்புக்குச் சென்றால் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு முதலில் செல்ல வேண்டுமே!

"எங்க வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கு. ஆனா அதை யாரும் சைக்கிள்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் அவள். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது.

காலாண்டு விடுமுறையில் நாங்கள் மூவரும் அவள் ஊருக்குச் சென்றோம். மாட்டுத் தொழுவத்தின் மூலையில், வைக்கோலுக்கும் பழைய கலப்பைக்கும் நடுவே அது சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் இல்லை. சீட்டை எலி தின்றிருந்தது. செயின் ஒரே துருக்கட்டியாய் இறுகிப்போயிருந்தது. முன்சக்கரத்தில் டயருக்குப் பதிலாக ஏதோ கருப்பு நார்கள் தொங்கின. ஆனால் பிரேமும், போர்க்கும், ஹேண்டில் பாரும், பல்சக்கரமும் முழுசாக இருந்தன. ஹேண்டிலுக்குக் கீழே தகரத்தாலான பஞ்சாயத்து வில்லை ஒன்று தொங்கியது. அக்காலத்தில் சைக்கிள் வைத்திருப்பவர் வரி கட்டி இந்த வில்லையை வாங்கி மாட்ட வேண்டுமாம். ஆண்டு எண் தேய்ந்து போயிருந்தது.

அது அவள் தாத்தாவின் சைக்கிள். அவர் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். (எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். வெளியூர்த் தோழியர் இதைக் கேட்டு நாற்காலி மேசை போட்ட இடம் என்று எண்ணிவிட வேண்டாம்.) குச்சி அடுக்கும் கட்டைகளையும், பெட்டி ஒட்டும் தாள்களையும் கேரியரில் கட்டி ஊர் ஊராக வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வருவது அவர் பணி. பின்சக்கரம் எங்கே போயிற்று என்று கேட்டோம். அவளுடைய அத்தைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த ஆண்டில், தாத்தா அதைக் கழற்றி விற்றுவிட்டாராம். அதன்பின் அவர் நடந்தே ஆபீசுக்குப் போனார் என்று பாட்டி சொன்னார்கள்.

இப்போது தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. நாங்கள் சைக்கிளை வெளியே இழுத்த சத்தம் கேட்டதும் கயிற்றுக் கட்டிலிலிருந்தபடியே, "ஏளா, அதை எடைக்குப் போடவா எடுக்கீக?" என்றார். "இல்லை தாத்தா, ஓட்டுறதுக்கு" என்றாள் அவள். அவர் சிரித்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

எங்களுள் மற்றொருத்தியின் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அந்தக் கடை அண்ணாச்சி நாற்பது ஆண்டுகளாக அத்தொழில் செய்பவர். டிராக்டரில் ஏற்றி வந்த எங்கள் சைக்கிளை அவர் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தார். பிறகு கந்தல் துணியால் முன்கழுத்தைத் துடைத்தார். கொக்கின் தலை பொறித்த ஒரு பட்டயம் தெரிந்தது. பல்சக்கரத்தைத் துடைத்தார். அதிலும் கொக்குகள் வெட்டப்பட்டிருந்தன. "இது ராலி, தாயி! சீமைச் சரக்கு" என்று அவர் சொன்ன குரலில் மரியாதை இருந்தது.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் என்ற நகரில் ராலி என்றொரு தெரு. அந்தத் தெருவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் உலகெங்கும் சைக்கிள் அனுப்பிய ராலி நிறுவனம். தெருவின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. சுதந்திரத்துக்கு முன்பு நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் மிகப் பல இப்படிக் கப்பலில் வந்தவையே. பின்னர் நாமே செய்யத் தொடங்கினோம். 1949-இல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினர். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை. வடக்கே சோனிப்பட்டில் அட்லஸும், லூதியானாவில் ஹீரோவும், வங்காளத்து அசன்சோலில் சென்-ராலியும் எழுந்தன. நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்யும் வேலை 2002-இல் நின்றுபோயிற்று. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் நாள் மூடப்பட்டது. அன்று உலக மிதிவண்டி தினம் என்பதைப் படித்தபோது எங்களுக்கு என்னவோ போலிருந்தது. தொழிற்சாலைகள் போய்விட்டாலும் அவை செய்த வண்டிகள் தொழுவங்களில் கிடக்கின்றன.

அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். "சனிக்கிழமை வாங்க. கை அழுக்காகும். நான் சொல்லுவேன், செய்யறது நீங்கதான்." நாங்கள் ஒப்புக்கொண்டோம். வேலை முடியும்வரை அவர் கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சைக்கிளை முழுவதும் பிரித்துத் துடைத்துப் பூட்டுவதை நம் ஊர்க் கடைகளில் 'ஓவராயில்' என்பார்கள். நிறைய எண்ணெய் விடுவதால் இப்பெயர் வந்தது என்றே வெகுநாள் எண்ணியிருந்தோம். 'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல்தான் இப்படித் திரிந்தது என்று எங்கள் ஆங்கில ஆசிரியை சொன்னார்கள். எண்ணெயும் நிறையத்தான் செலவாகிறது. ஆகையால் தமிழ்ப் பெயரே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

முதல் சனிக்கிழமை முழுவதும் பெடல் கழற்றுவதிலேயே போயிற்று. வலப்பெடல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்ததும் வந்துவிட்டது. இடப்பெடலை மூன்று பேர் சேர்ந்து ஸ்பானரில் தொங்கியும் அசைக்க முடியவில்லை. அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்துவிட்டு, "இறுக்குனது போதும் தாயி, இனிக் கழத்துங்க" என்றார். இடப்பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்குமாம்! வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் அது இறுகும். ஏன் இப்படிச் செய்தார்கள்? மிதிக்கும்போது பெடலின் அச்சு கிராங்கின் துளைக்குள் மிகச் சிறிதளவு உருண்டுகொண்டே இருக்கிறது. அந்த உருளல் இரண்டு பக்கத்திலும் எதிரெதிர்த் திசையில் நடக்கும். இரண்டுக்கும் ஒரே மரை வைத்தால் ஒரு பக்கத்துப் பெடல் ஓட ஓடக் கழன்று விழுந்துவிடும். புத்தி பேதலித்தவரை 'மரை கழன்றவர்' என்று சொல்கிறோமே, அந்த மரைக்கு இவ்வளவு நுணுக்கம் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மரை எங்களை அத்துடன் விடவில்லை. பெடல்கள் சுற்றும் நடு அச்சு இரண்டு எஃகுக் கப்புகளுக்குள் பால்ரஸ் குண்டுகளின் மேல் ஓடுகிறது. வலக்கப்பு நன்றாக இருந்தது. இடக்கப்பின் உட்புறம் அம்மை வடு விழுந்தாற்போல் குழிகுழியாக இருந்தது. குண்டு அதில் உருளாது, தடுமாறும். எனவே ஒரு பழைய இரும்புக் கடையில் குவியலுக்குள் தேடி, அதே அளவான ஒரு கப்பை இருபது ரூபாய்க்கு வாங்கி வந்தோம். அகலம் சரியாக இருந்தது. ஒரு சுற்றுப் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. எங்களுள் வலுவானவள் ஸ்பானரைப் பிடித்து அழுத்தப் போனாள். அண்ணாச்சி அவள் கையைத் தட்டிவிட்டார். இன்னும் அரைச்சுற்று திருகியிருந்தால் பிரேமின் மரையே பாழாகியிருக்கும்.

காரணம் என்ன? மற்றக் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை வெட்டின. ராலியோ 26 வெட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதைக் கேட்ட எங்கள் அறிவியல் சிஸ்டர் ஒரு வழி சொல்லித் தந்தார்கள். கரிசல் மண்ணை மெழுகு பதத்துக்குப் பிசைந்து தட்டையாக்கி, கப்பின் மரையை அதில் அழுத்தி எடுத்தோம். வரிவரியாகத் தடம் விழுந்தது. அரை அங்குலத்தைக் குறித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் எண்ணினோம். வாங்கி வந்ததில் 12 வரி, பழையதில் 13. ஒரே ஒரு வரி வித்தியாசம்தான் எங்கள் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தது.

அதன்பின் கரிசல் மண் உருண்டையையும் அடிக்கோலையும் பையில் வைத்துக்கொண்டு நாங்கள் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினோம். 'காயலான் கடையில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை' என்று பார்த்தவர்கள் உண்டு. காயல்பட்டினத்து வணிகர்களால் அப்பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியானால் அது நம் மாவட்டத்துச் சொல்தானே! மூன்றாவது வாரம் எட்டயபுரம் சாலைப் பக்கம் ஒரு கடையில், லாரியில் அடிபட்டு வளைந்த ராலி பிரேம் ஒன்று அகப்பட்டது. கப்பைக் கழற்றி மண்ணில் அழுத்தினோம். பதின்மூன்று! கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிரேமை எடைக்கு வைத்துக்கொண்டு கப்பைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். இவ்வேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவே.

பழைய பின்சக்கரம் தேடியபோது முதலில் ஒரு தவறு செய்தோம். பளபளவென்றிருந்த ஒரு ரிம்மைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் வாங்கி வந்துவிட்டோம். கடையில் வந்து கம்பி கோக்க உட்கார்ந்தபோதுதான் துளைகளை எண்ணினோம். 32. ஹப்பில் இருப்பதோ 40. நம் நாட்டுப் பழைய மாதிரிச் சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஓட்டுபவரின் எடையும், கேரியர் பாரமும், மிதிக்கும் விசையும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் விழுகின்றன. அதனால் அதற்குக் கம்பி அதிகம். எண்ணாமல் வாங்கியது எங்கள் குற்றம். மாற்றிக்கொண்டு வர இன்னொரு சனிக்கிழமை போயிற்று.

மாட்டுவண்டிச் சக்கரத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் இணைக்கும் கனத்த ஆரக்கால்கள். வண்டியின் பாரம் குடத்தின் வழியாக இறங்கி, அடியிலுள்ள ஆரக்காலை அழுத்துகிறது. அது தூண்போல் நின்று தாங்குகிறது. சைக்கிள் கம்பியைத் தூண்போல் நிறுத்தி ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்துவிடும். அப்படியிருக்க, நெல் மூட்டையையும் ஏற்றிச் செல்லும் சைக்கிளை அது எவ்வாறு தாங்குகிறது?

கம்பிகள் அழுத்தத்தைத் தாங்குவதில்லை, இழுத்துப் பிடிக்கின்றன. நாற்பது கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி முன்கூட்டியே பலமாக இழுத்துக் கட்டியிருக்கின்றன. பாரம் ஏறும்போது தரையைத் தொடும் இடத்துக் கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். மற்றவை இழுத்துக்கொண்டேயிருப்பதால் வட்டம் வட்டமாகவே நிற்கிறது. கூடாரத்தைக் கயிறுகள் நாலாபுறமும் இழுத்து நிறுத்துவதை நினைத்துக்கொண்டால் புரியும். ஆகவேதான் ஒரு கம்பி தளர்ந்தாலும் அதன் வேலை பக்கத்துக் கம்பிகளின் தலையில் விழுந்து அவையும் ஒவ்வொன்றாக அறுகின்றன.

மேலும் கம்பிகள் ஹப்பிலிருந்து நேராக வெளியே செல்வதில்லை. சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. மிதிக்கும்போது செயின் ஹப்பைத்தான் திருகுகிறது. அந்தத் திருகல் ரிம்முக்குப் போய்ச் சேர வேண்டும். கம்பி நேராக இருந்தால் ஹப்பு மட்டும் சற்றுச் சுழன்று கம்பி முறுக்கிக்கொள்ளும். சாய்ந்த கம்பியோ ரிம்மைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல் உடனே இழுத்துச் செல்லும். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் கோவில்பட்டிச் சைக்கிள் கடைவரை அதே பின்னல்தான்.

கம்பி கோத்தாகிவிட்டது. அடுத்தது கோட்டம் எடுப்பது. சக்கரத்தைச் சுழல விட்டு, ரிம்முக்கு அருகே ஒரு சாக்குக்கட்டியைப் பிடிப்பார் அண்ணாச்சி. ரிம் எந்தப் பக்கம் கோணியிருக்கிறதோ அங்கே சாக்கு கோடு போடும். இடப்பக்கம் கோணியிருந்தால், அவ்விடத்தில் வலப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளை அரைச்சுற்று இறுக்கி, இடப்பக்கத்துக் கம்பியை அரைச்சுற்றுத் தளர்த்த வேண்டும். அரைச்சுற்றுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. நாங்கள் ஆசைப்பட்டோம். ஒரு மணி நேரத்தில் சக்கரம் அப்பளம்போல் ஆகிவிட்டது! எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

அண்ணாச்சிக்குச் சாக்கு கூடத் தேவையில்லை. கம்பியை விரலால் மீட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரே பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தின் வலப்பக்கம் ஃப்ரீவீல் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகளை இன்னும் சற்று இறுக்க வேண்டும். ஆகையால் வலப்பக்கத்துச் சுருதி கூடுதல். எங்களுள் பாடற்குழுவில் பாடுபவள் இரண்டே வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டாள். மற்ற மூவருக்கும் எல்லாக் கம்பியும் 'டங்' என்றுதான் கேட்டது.

பால்ரஸ் போடும் வேலை சிறியதானாலும் பொறுமை வேண்டும். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் அங்குலக் குண்டு, முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சிறிய குண்டு. கிரீஸ் தடவிய கப்பில் ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். பழைய குண்டையும் புதிய குண்டையும் கலக்கக் கூடாது. தேய்ந்தது சற்றுச் சிறியதாக இருக்கும். பாரமெல்லாம் புதியதன் மேல் விழுந்து அது கப்பைக் குடைந்துவிடும். இடம் தெரியாமல் நெருக்கி அடைக்கவும் கூடாது. ஒரு குண்டு கீழே விழுந்து சாக்கடைக்குள் ஓடிவிட்டது. அதை நாங்கள் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் ஆப்பு. இதிலும் ஒரு கூத்து நடந்தது. இரண்டு பின்களையும் ஒரே பக்கத்திலிருந்து அடித்துவிட்டோம். வண்டியைத் தூக்கி மிதித்துப் பார்த்தால் ஒரு பெடல் நொண்டுகிறது. இரண்டு பெடல்களும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை! ஒன்று மேலிருந்து அடித்தால் மற்றது கீழிருந்து அடிக்க வேண்டுமாம். அப்போதுதான் இரண்டு ஆப்புகளின் சரிவும் எதிரெதிராக அமைந்து கிராங்குகள் நேராக நிற்கும்.

நிக்கல் பூச்சின் துருவைப் போக்க அண்ணாச்சி உப்புத்தாளை எடுத்தார். சிஸ்டர் சொன்னபடி நாங்கள் சாக்லெட் சுற்றி வரும் ஈயத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தோம். ஈயத்தாள் என்று பெயரே தவிர அது அலுமினியம். பூச்சைவிட மிருதுவானது. எனவே கீறல் விழாமல் துரு மட்டும் போகும். வகுப்பு முழுவதும் எங்களுக்காகச் சாக்லெட் தின்று உதவியது. பித்தளை மணிக்கு மட்டும் புளி.

வண்ணம் பூசுவதில்தான் சண்டை வந்தது. மொத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதுக் கருப்பு அடிக்கலாம் என்றார் அண்ணாச்சி. சோப்பு நீரால் கழுவியபோது துருவுக்கு அடியில் மயிரிழை போன்ற பொன் கோடுகள் தெரிந்தன. அவை கையால் வரைந்த கோடுகள். அவற்றை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. துரு ஓடிய இடத்தில் மட்டும் எண்ணெய் தடவி விட்டுவிட்டோம். ஆகவே எங்கள் சைக்கிள் புதியதுபோல் இல்லை. பழையதுபோலத்தான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது.

பல்சக்கரத்தில் 46 பல், புதிதாக வாங்கிய ஃப்ரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 46-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் 23 செ.மீ. ஆக ஒரு மிதிக்கு 5 மீட்டர் 70 செ.மீ. போக வேண்டும். பள்ளி வராந்தாவில் சாக்குக்கோடு போட்டு அளந்தோம். 5 மீட்டர் 66 செ.மீ. வந்தது. உட்கார்ந்தவளின் எடையால் டயர் சற்று அமுங்குவதுதான் காரணம் என்றார்கள் சிஸ்டர். அவள் வீடு ஆறு கிலோமீட்டர். ஏறத்தாழ ஆயிரத்து ஐம்பது மிதி. இந்தக் கணக்கைப் போட்டது அவளேதான். 34 வாங்கியவள்!

செலவைச் சொல்ல வேண்டாமா? எல்லாம் சேர்ந்து 2,300 ரூபாய். டயர், டியூப் மட்டும் 1,050. அவற்றில் பழையதை வாங்கக் கூடாது என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரேக் கட்டையும் செயினும் அப்படியே. இரும்பு பழையதாக இருக்கலாம், ரப்பர் பழையதாக இருக்கக் கூடாது. மூவரும் சேர்த்து வைத்திருந்த பொங்கல் பணமும், பிறந்தநாள் பணமும் பாதிக்கு வந்தன. மீதியை அவள் அம்மா பருத்தி எடுத்த கூலியிலிருந்து கொடுத்தார்கள்.

நம் கரிசல் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கரிசல் மண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். நீர் அவற்றின் இடையே புகுந்து மண்ணை உப்பச் செய்யும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் இம்மண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, பத்தடியில் சக்கரத்தை நிறுத்திவிடும். அப்போது நாம்தான் சைக்கிளைச் சுமந்து செல்ல வேண்டும். தாத்தா இதற்கென்றே கேரியரில் ஒரு குச்சி செருகி வைத்திருப்பாராம். அவள் ஊர்ச் சாலை இப்போது தார்ச் சாலைதான் என்றாலும், கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதை. மழைக்காலம் முடியும் வரை முன் மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டோம். சட்டையில் சேறு தெறிக்கும். தெறித்தால் துவைத்துக்கொள்ளலாம்.

"பாரு வச்ச ஆம்பளை சைக்கிளைப் பொம்பளைப் பிள்ளை ஓட்டலாமா?" என்று ஊரில் சிலர் கேட்டார்கள். 1991, 92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டனர். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டாம். கேட்டவர்களிடம் இதையெல்லாம் நாங்கள் விளக்கமாகச் சொன்னோம். பாட்டிதான் சுருக்கமாகச் சொன்னார்கள். "பாரு இருந்தா என்ன? காலு எட்டுதுல்ல?"

நவம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை அவள் அதை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். நாங்கள் பேருந்தில் பின்னால் சென்றோம். வண்டிப்பாதையில் திரும்பும்போதே அவள் மணியை அடித்தாள். தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் அருகே வந்ததும் கையை நீட்டி, ஹேண்டிலைத் தடவி, பாரைத் தடவி, கடைசியில் பின்சக்கரத்தின் கம்பி ஒன்றை மீட்டிப் பார்த்தார். "நல்லா இறுக்கியிருக்கீக" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளே வேலிக்காத்தான் முள் குத்தி முன்சக்கரம் பஞ்சராயிற்று. அவளே டியூபை வெளியே எடுத்து, வாளி நீரில் குமிழி பார்த்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டாள். இப்போது ஐந்தரை மணி வரை வகுப்பில் இருக்கிறாள். டைனமோ இன்னும் அகப்படாததால் ஹேண்டிலில் டார்ச் விளக்கு ஒன்றைக் கட்டியிருக்கிறாள். வண்டிப்பாதை பிரியும் இடத்தில் அவள் தந்தையார் தினமும் மாலையில் வந்து நிற்கிறார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 61. அடுத்த ஆண்டைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் சைக்கிளுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்திருக்கிறார்.

பின் பிரேக் மட்டும் கிறீச்சிடுகிறது. வரும் சனிக்கிழமை கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.